‘வீட்ல சும்மாதான் இருக்கேன்’: பெண்களின் வேலைக் கணக்கை எப்படிப் படிப்பது?

கணக்கெடுப்புக்கு வந்தவர் வாசலில் நின்று, “வீட்டுல யார் யாரு வேலைக்குப் போறீங்க?” என்று கேட்கிறார். “அவரு மட்டும்தான் சார். நான் வீட்ல சும்மாதான் இருக்கேன்” என்று பதில் வருகிறது. பதில் சொன்னவர் விடிவதற்கு முன்பே எழுந்து இரண்டு மாட்டில் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, இப்போது புல்லறுக்க அரிவாளை எடுத்துக்கொண்டு நிற்கிறார்.

இந்தச் ‘சும்மா’ படிவத்தில் ஏறினால் அந்தப் பெண்ணின் உழைப்பு நாட்டின் கணக்கில் இல்லாமல் போகிறது. படிவத்தில் ஏறுகிற எண்ணை வைத்துத்தான் திட்டம் தீட்டுகிறார்கள், நிதி ஒதுக்குகிறார்கள், தொலைக்காட்சியில் விவாதம் நடத்துகிறார்கள்.

“இந்தியாவில் நாலு பெண்ணில் ஒருத்திதான் வேலை செய்கிறாள்” என்று ஒரு கட்டுரை சொல்லும். “பெண்களின் வேலைப் பங்கேற்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது” என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் ஒரே அரசுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதம். 2023-24இல் 41.7 சதவீதம். எண்கள் சரிதான். அவை எதை எண்ணுகின்றன என்பதில்தான் பெரும்பாலான குழப்பம். பெண்களைப் பற்றிய அரசுக் கொள்கைகளைப் படிக்கவோ எழுதவோ தொடங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த எண்ணைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பந்தியை வைத்து ஒரு கணக்கு

கல்யாண மண்டபம் ஒன்றுக்கு 100 பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். 40 பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரோ இருவரோ எப்போது இடம் காலியாகும் என்று நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடத்திலேயே இல்லை.

உட்கார்ந்திருப்பவர்கள்தான் ‘வேலையில் இருப்போர்’. பின்னால் நிற்பவர்கள் ‘வேலை தேடுவோர்’. இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்த்தால் கிடைப்பது தொழிலாளர் படை. அந்தப் படை, மொத்தம் வந்த 100 பேரில் எத்தனை என்பதே பங்கேற்பு விகிதம்.

வேலையின்மை விகிதம் என்பது வேறு. இலைக்குக் காத்து நிற்பவர்களைக் கூடத்துக்குள் இருப்பவர்களோடு மட்டும் ஒப்பிடும் எண் அது. வெளியே இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். வெகுநேரம் நின்று பார்த்துச் சலித்துப்போய் வெளியே போனவரும் வர மாட்டார். அவர் போனதும் காத்திருப்போர் எண்ணிக்கை குறைகிறது, வேலையின்மையும் ‘குறைகிறது’.

2023-24 கணக்கெடுப்பில் ஆண்களின் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம், பெண்களுடையதும் 3.2 சதவீதம். இதை மட்டும் படித்தால் வேலைச் சந்தையில் இருவரும் ஒரே நிலையில் இருப்பதாகத் தோன்றும். பங்கேற்பைப் பாருங்கள்: ஆண்கள் 78.8, பெண்கள் 41.7. வேலையின்மை எண்ணை மட்டும் வைத்துப் பெண்களைப் பற்றி எழுதப்பட்ட எதையும் நான் நம்புவதில்லை.

இந்த மண்டபத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. சமையற்கட்டில் அடுப்படியில் நிற்பவர்கள், பரிமாறுகிறவர்கள், எச்சில் இலை எடுக்கிறவர்கள். அவர்கள் இலைக்கு முன்னாலும் இல்லை, வரிசையிலும் இல்லை. ஆகவே கணக்குப்படி அவர்கள் ‘வெளியே’.

இதுவரை பார்த்தது: பங்கேற்பு விகிதம் என்பது வேலையில் இருப்போரும் தேடுவோரும் சேர்ந்து மொத்தப் பெண்களில் எத்தனை பங்கு என்பது. வேலையின்மை விகிதம் அந்தப் படைக்குள் மட்டும் பார்ப்பது. தேடுவதையே நிறுத்தியவர் படையிலிருந்தே விலகிவிடுவதால் வேலையின்மைக் கணக்கில் மறைந்துபோகிறார்.

செல்வியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வாசலில் அரிவாளோடு நின்ற பெண்ணுக்குச் செல்வி என்று பெயர் வைப்போம். கற்பனைப் பெண்தான். ஆனால் திருவண்ணாமலைப் பக்கமோ தருமபுரிப் பக்கமோ எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இவரைப் போன்றவரைப் பார்க்கலாம். இரண்டு மாடு இருக்கிறது, மாமனார் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, வருஷத்தில் 40 நாள் நூறு நாள் வேலைக்குப் போகிறார்.

கணக்கெடுப்பு முதலில் கேட்பது, கடந்த 365 நாளில் பெரும்பகுதியை எப்படிக் கழித்தீர்கள் என்பது. இதற்கு ‘முதன்மை நிலை’ என்று பெயர். வேலை செய்தோ தேடியோ கழித்திருந்தால் அவர் தொழிலாளர் படையில் சேர்கிறார். இல்லையென்றால் அடுத்த கேள்வி: அந்த ஆண்டில் 30 நாளாவது ஏதேனும் பொருளாதார வேலை செய்தீர்களா? இது ‘துணை நிலை’. இரண்டில் ஒன்றில் ஆம் என்றாலும் போதும், கணக்கில் வந்துவிடுவார். 23.3, 41.7 இரண்டுமே இப்படி இரண்டு நிலைகளையும் சேர்த்துப் பார்த்த எண்கள்.

இதன்படி செல்வி இரண்டு வழியாகவும் உள்ளே வரலாம். மாடு பராமரித்துப் பால் விற்பது பொருளாதார வேலை. நூறு நாள் வேலையில் 40 நாள், அதாவது 30க்கு மேல். ஆனால் அவரே ‘சும்மா’ என்று சொல்லிவிட்டால்?

படிவத்தில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. வீட்டுக் கடமைகளை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டுக் கடமைகளோடு வீட்டுத் தேவைக்காக விறகு பொறுக்குவது, தைப்பது போன்றவற்றையும் செய்பவருக்கு 93. இந்த இரண்டுமே தொழிலாளர் படைக்கு வெளியே. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் கூட நின்று உழைப்பவருக்கு 21, அது படைக்கு உள்ளே. 93க்கும் 21க்கும் நடுவே உள்ள கோடு மிக மெல்லியது. மாட்டுத் தொழுவத்தில் நிற்கும் பெண்ணைக் குடும்பத் தொழிலின் உதவியாளர் என்று எழுதுவதா, வீட்டுக் கடமையோடு மாட்டையும் பார்த்துக்கொள்கிறவர் என்று எழுதுவதா? வாசலில் நிற்பவர் கேட்கும் விதத்தையும், அவருக்கு இருக்கும் அவகாசத்தையும், பதில் சொல்வது யார் என்பதையும் பொறுத்து அது மாறும். பல வீடுகளில் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறார். மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் செல்வியின் ஆண்டுக் கணக்கை அவர்தான் சொல்வார்.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘வேலை செய்வது’ வேறு, ‘வேலைக்குப் போவது’ வேறு. வீட்டு வேலை, மாட்டு வேலை, கொல்லை வேலை என்று எல்லாவற்றையும் தாராளமாக வேலை என்றுதான் சொல்கிறோம். ‘வேலைக்குப் போறீங்களா’ என்று கேட்டால் மட்டும் சம்பளமும் வாசற்படி தாண்டுவதும் சேர்ந்து மனதில் வந்துவிடுகின்றன. “இல்லைங்க” என்று உடனே பதில் வருகிறது. செல்வி பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறார். “நேத்து என்னென்ன வேலை செஞ்சீங்க?” என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பார்.

சோறு விளைவித்தால் வேலை, சோறாக்கினால்?

சரி, கேள்வியைத் திருத்திவிட்டோம், செல்வியின் மாடும் மண்வெட்டியும் கணக்கில் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவருடைய நாளின் பெரும்பகுதி வெளியேதான் இருக்கும். காரணம், நாடுகளின் வருமானத்தைக் கணக்கிட உலகம் முழுக்கப் பின்பற்றும் விதிகளில் ‘உற்பத்தி எல்லை’ என்று ஒரு கோடு உண்டு. கோட்டுக்குள் இருப்பது பொருளாதார வேலை, வெளியே இருப்பது அப்படியில்லை.

கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சொந்த வீட்டுக்காகவே நெல் விளைவித்தாலும் இந்தியக் கணக்கெடுப்பில் அது வேலை. அந்த நெல்லைச் சோறாக்கி அதே வீட்டுக்குப் போட்டால் வேலை இல்லை. அதே கை, அதே அரிசி, தெருமுனை மெஸ்ஸில் கூலிக்கு ஆக்கினால் மறுபடியும் வேலை. வயதான மாமியாரைக் குளிப்பாட்டினால் வீட்டுக் கடமை. அதற்கே ஆள் வைத்தால் அந்த ஆள் தொழிலாளி.

எது வேலை என்று பிரிக்க இன்னும் எளிய ஓர் அளவுகோலை மார்கரெட் ரீட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1934லேயே சொன்னார்: ஒரு காரியத்தைக் காசு கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்ல முடியுமானால் அது வேலை. நமக்காக யாரும் தூங்க முடியாது, சாப்பிட முடியாது. துவைக்கலாம், சமைக்கலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். இத்தனை எளிய சோதனையை உலகப் புள்ளியியல் ஏற்க ஏறக்குறைய 80 ஆண்டு ஆனது. 2013இல் ஜெனீவாவில் நடந்த தொழில் புள்ளியியலாளர்களின் 19ஆவது பன்னாட்டு மாநாடுதான் வீட்டுக்குள் தன் குடும்பத்துக்குச் செய்யும் சேவையும் ‘வேலை’யே என்று வரையறுத்தது. கூலிக்கோ லாபத்துக்கோ செய்வது அதில் ஒரு வகை மட்டும், அதற்கு ‘வேலைவாய்ப்பு’ என்று தனிப்பெயர்.

இந்தியாவிலும் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கில், 2010இல் தீர்ப்பு வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சமைப்பவரையும் தண்ணீர் சுமப்பவரையும் விறகு பொறுக்குபவரையும் ‘வேலை செய்யாதோர்’ என்று வகைப்படுத்தி, பிச்சைக்காரர்கள், கைதிகள் ஆகியோரோடு ஒரே பட்டியலில் வைத்திருந்ததை அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகக் கண்டித்தது. முதல்முறை படித்தபோது அந்தப் பத்தியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது.

இதுவரை பார்த்தது: ஒரு பெண் கணக்கில் விடுபட இரண்டு காரணங்கள். வேலை செய்தும் கேள்வி சரியில்லாததால் விடுபடுவது ஒன்று. செய்த வேலையே உற்பத்தி எல்லைக்கு வெளியே இருப்பதால் விடுபடுவது இன்னொன்று. முதலாவதைக் கணக்கெடுப்பாளருக்குப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்யலாம். இரண்டாவதுக்கு வேறு கணக்கெடுப்பே வேண்டும்.

காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை

அந்த வேறு கணக்கெடுப்பு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. இது “வேலைக்குப் போறீங்களா” என்று கேட்பதில்லை. முந்தின நாள் அதிகாலை 4 மணி முதல் அன்று அதிகாலை 4 மணி வரை, அரை அரை மணி நேரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. 48 கட்டங்கள். சும்மா இருந்த கட்டம் எது என்று செல்வியே தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் இதற்கான முதல் முன்னோட்டம் 1998-99இல் ஆறு மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அதில் ஒன்று. நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்புக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் தெரிந்தது இது: 6 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 சதவீதம் பேர் அன்றைய நாளில் கூலியில்லாத வீட்டு வேலை செய்திருந்தார்கள். ஆண்களில் 26.1 சதவீதம். செய்தவர்களில் பெண் ஒருவர் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88.

இந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று. 97 நிமிடம் என்பது எல்லா ஆண்களின் சராசரி இல்லை. வீட்டு வேலையில் கை வைத்த அந்த நாலில் ஓர் ஆணின் சராசரி. கை வைக்காதவர்களையும் சேர்த்தால் எண் மிகவும் இறங்கிவிடும்.

அப்படியானால் 23 எப்படி 42 ஆனது?

ஆறே ஆண்டில் 18 புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. சிறிய விஷயம் இல்லை. ஏறியது எங்கே என்று பார்க்க வேண்டும். கிராமப்புறப் பெண்களிடம் 24.6இலிருந்து 47.6. நகரத்தில் 20.4இலிருந்து 28.0. ஏற்றத்தின் பெரும்பங்கு கிராமத்தில்.

வேலை செய்யும் பெண்களில் மாதச் சம்பளக்காரர்களின் பங்கு இதே காலத்தில் 21.0 சதவீதத்திலிருந்து 15.9க்கு இறங்கியிருக்கிறது. ஏறியது சுயதொழில். 2023-24இல் வேலையில் இருக்கும் பெண்களில் 67.4 சதவீதம் பேர் சுயதொழிலில் இருப்பதாகக் கணக்கு. இந்தச் சொல்லைக் கேட்டதும் தையல் கடை வைத்திருப்பவரும் பலகாரம் விற்பவரும்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களும் இதில் உண்டு. கூலியில்லாத குடும்ப உதவியாளர்களும், அந்த 21ஆம் எண்காரர்களும், இதற்குள்தான் வருகிறார்கள். வேலை செய்யும் பெண்களில் 36.7 சதவீதம் அவர்கள்தான். தென்காசிப் பக்கம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பீடி சுற்றித் தரும் பெண்ணையும் இந்தக் கணக்கெடுப்பு சுயதொழில் செய்பவர் என்றே எழுதுகிறது. இலையும் தூளும் அவருடையதில்லை, விலையும் அவர் வைப்பதில்லை.

மறுபடி மண்டபத்துக்கு வருவோம். 100 பெண்களில் சுமார் 40 பேர் வேலையில் இருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய 15 பேர் கையில் தனிக் கூலி எதுவும் வாங்காதவர்கள். மாதச் சம்பளம் வாங்குபவர்கள் ஆறேழு பேர்.

ஏன் ஏறியது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. முன்பு விடுபட்டவர்களை இப்போது சரியாக எண்ணுகிறார்கள் என்பது ஒரு வாதம். குடும்ப வருமானம் போதாமல் பெண்கள் வயலுக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. சுயஉதவிக் குழுக் கடன், எரிவாயு, குழாய்த் தண்ணீர் ஆகியவை நேரத்தை விடுவித்தன என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் சம்பளப் பங்கு குறைந்திருக்கும்போது இந்த ஏற்றத்தை வெற்றிச் செய்தியாக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை பார்த்தது: விகிதம் ஏறினால் கூடுதல் பெண்கள் கணக்கில் வந்திருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் கைக்குப் பணம் வந்ததா என்பதற்கு வேலையின் வகையைத் தனியே பார்க்க வேண்டும்.

கொள்கையில் இது எங்கே இடிக்கிறது?

மகப்பேறு விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் சட்டத்தைத் திருத்தி 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் கட்டாயம் என்றார்கள். நல்ல சட்டம். அது எட்டுவது பெரும்பாலும் அந்த ஆறேழு பேரை, அவர்களிலும் எல்லோரையும் எட்டுவதில்லை. செல்விக்கு அது பொருந்தாது. “இந்தியப் பெண்களுக்கு 26 வாரம் விடுப்பு” என்று ஒரு வரி எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வேறு மாதிரி. படைக்கு உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்று அது பிரிப்பதில்லை, சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறும் பெண்ணாக இருந்தால் போதும். 2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் அப்படித்தான், தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்ததற்கு, பெண்களின் ஊதியமில்லாத உழைப்பை அங்கீகரிப்பதையே அரசு காரணமாகச் சொன்னது. தகுதி வரம்புகளைப் பற்றியும் தொகையின் அளவைப் பற்றியும் விவாதிக்க நிறைய இருக்கிறது. ஆனால் உற்பத்தி எல்லைக்கு வெளியே நிற்கும் உழைப்பின் பேரைச் சொல்லி ஓர் அரசு பணம் ஒதுக்கியது கவனிக்க வேண்டிய விஷயம்.

எந்தப் பெண் எந்தக் காரணத்தால் வெளியே இருக்கிறார் என்று தெரிந்தால்தான் மருந்து பொருந்தும். நேரம் இல்லாமல் வெளியே இருப்பவருக்குத் தண்ணீர்க் குழாயும் காப்பகமும் வேண்டும். படித்துவிட்டு ஊருக்குள் தகுந்த வேலை இல்லாமல் இருப்பவருக்கு வெளியூரில் பாதுகாப்பான விடுதி வேண்டும். செல்வியைப் போல உழைத்தும் கூலி இல்லாதவருக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பால் சொசைட்டியின் உறுப்பினர் அட்டை யார் பெயரில் இருக்கிறது, பணம் யார் கணக்கில் விழுகிறது என்பது. மூன்று பேருக்கும் “பெண்களை வேலைக்குக் கொண்டுவருவோம்” என்ற ஒரே முழக்கம் உதவாது.

புதிதாக வந்திருக்கும் ஒரு குழப்பம்

2025 முதல் இந்தப் பங்கேற்பு விகிதம் மாதந்தோறும் வெளியாகிறது. மாத எண்ணுக்கு அளவுகோல் வேறு: ‘நடப்பு வார நிலை’. கணக்கெடுப்பாளர் வருவதற்கு முந்தின 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா அல்லது தேடினீர்களா என்பது மட்டும். ஆண்டு முழுவதையும் பார்க்கும் கணக்கில் வருபவர்கள் பலர் இந்த ஏழு நாள் கணக்கில் வர மாட்டார்கள். அதனால் எண் குறைவாகவே இருக்கும். இதையும் 41.7ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘சரிவு’ என்று எழுதினால் தவறு. மாத எண்ணை மாத எண்ணோடும், ஆண்டு எண்ணை ஆண்டு எண்ணோடும்தான் ஒப்பிட வேண்டும்.

செல்வியையே பாருங்கள். மாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நூறு நாள் வேலையை மட்டும் சொன்னார் என்று வையுங்கள். ஆண்டுக் கணக்கில் 40 நாளுக்காக அவர் உள்ளே வருவார். மாதக் கணக்கில், அந்த வாரம் ஏரி வேலை நடந்திருந்தால் உள்ளே, நடக்காவிட்டால் வெளியே. தொழுவத்தில் மாடுகள் இரண்டு வாரமும் அதே நேரத்துக்குத்தான் பால் கொடுத்திருக்கும்.